கடன் இல்லாமல் கடல் தாண்டுவது

(ஏற்காட்டில் மலைக் கிராம இளைஞர்களும் பெற்றோரும் கூடியிருந்த பொதுக்கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே நுழையும்போதே நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "டீச்சர், துபாய் நல்லதா, ஜப்பான் நல்லதா? லண்டன் இன்னும் திறந்திருக்கா?" என்று கேட்டார்கள். பதில் சொல்கிறேன், அதற்காகத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நான் உங்களைக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. போவதற்கு எவ்வளவு கடன் வாங்கப் போகிறீர்கள்? யாரிடம்? என்ன வட்டிக்கு? எந்த நாடு என்று யோசிப்பதற்கு முன்பே இதற்கு விடை தெரிந்தாக வேண்டும். விசா விதி ஒரே நாளில் மாறிவிடும். வாங்கின கடன் அப்படியே நிற்கும். இன்று நான் பேசப் போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் நம் வேலையைப் பற்றிப் பேசுவோம். நர்சிங் அசிஸ்டன்ட் என்றால் நர்சுக்கு எடுபிடி என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே குறுக்காக விரித்த டிரா ஷீட்டின் ஓரத்தை இரண்டு பேர் இரண்டு பக்கமும் நன்றாகச் சுருட்டிப் பிடித்து, ஒருவர் எண்ண, ஒரே மூச்சில் தூக்கி நகர்த்த வேண்டும். தூக்காமல் இழுத்தால் தோல் மெத்தையில் உராயும். வால் எலும்புக்கு மேலே ரூபாய்க் காசு அளவுக்குச் சிவக்கும். அந்தச் சிவப்பை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பிழைத்தோம். அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் உள்ளே புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தை முதலில் பார்ப்பது டாக்டர் அல்ல, உடம்பு துடைத்துவிடும் அசிஸ்டன்ட்தான். வயதானவர்கள் பெருகிய ஜப்பானும் ஜெர்மனியும் பிரிட்டனும் உலகம் முழுக்கத் தேடுவது இந்தக் கையைத்தான். ஆகவே எந்த ஏஜென்ட் முன்னாலும் கை கட்டி நிற்காதீர்கள். தேவை அவர்கள் பக்கமும் இருக்கிறது.

ஆனால் சட்டத்தின் கண்ணில் நாம் யார் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங், மூன்று ஆண்டு ஜி.என்.எம்., இரண்டு ஆண்டு ஏ.என்.எம். படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் உண்டு. ஓராண்டு சான்றிதழ் படித்தவர், ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட் பயிற்சி முடித்தவர், சேலத்துத் தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தே கற்றுக்கொண்டவர், இவர்களுக்கு அந்த எண் கிடையாது. எண் இல்லாதவரை வெளிநாட்டில் நர்சாக எடுக்க முடியாது. "அங்கே போனதும் நர்சாக மாத்திக்கலாம்மா" என்று ஒருவர் சொன்னால், அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். ஏமாற்று வேலை பெரும்பாலும் எண் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நுழைகிறது.

அந்த இடைவெளி எப்படி உண்டானது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வேலைக்காக நாடு விட்டுப் போகிறவர்களைக் காக்க 1983-ல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை என்று அச்சிட்டிருக்கும். அந்த பாஸ்போர்ட்டோடு சவுதி, குவைத், அமீரகம், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். நமக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அந்த அனுமதிக்காக வேலை ஒப்பந்தம், சம்பளம், முதலாளி யார் என்பதையெல்லாம் அரசாங்கம் ஒரு முறை பார்க்கும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய்தான் பிரீமியம். இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்ணுக்கு 30 வயது ஆகாவிட்டால் அந்த நாடுகளுக்கு அனுமதியே கிடையாது.

பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இது எதுவும் வேண்டாம். அனுமதி கேட்காமலே விமானம் ஏறலாம்.

அடுத்தது 2015. குவைத் அரசு மருத்துவமனைகளுக்கு நர்சுகளை எடுத்ததில் கொச்சியில் நடந்த கொள்ளை அப்போதுதான் வெளியே வந்தது. 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஒவ்வொருவரிடமும் 19.5 லட்சம் வரை வாங்கினார்கள் என்று சி.பி.ஐ. வழக்குப் போட்டது. காவல் நிற்க வேண்டிய குடிபெயர்வோர் பாதுகாவலரே அந்த வழக்கில் சிக்கினார். அந்த ஆண்டே மத்திய அரசு புது உத்தரவு போட்டது. நர்சுகள் என்ன பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் அந்த 18 நாடுகளுக்கு அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும், அதுவும் அரசு நிறுவனங்கள் மூலமாகத்தான் என்று சொன்னது. கேரளத்தில் நோர்க்கா, ஓடெபெக் என்ற அரசு நிறுவனங்கள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் 1978-லிருந்து இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துக்கும் அந்த உரிமை உண்டு.

இப்போது நம் தங்கை ஒருத்தியை நடுவில் நிறுத்திப் பாருங்கள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஓராண்டு அசிஸ்டன்ட் கோர்ஸ் படித்தவள். எட்டாம் வகுப்போடு நின்ற கட்டிடத் தொழிலாளியின் ஒப்பந்தத்தை அரசாங்கம் பார்க்கிறது. பி.எஸ்சி. படித்த நர்சின் ஒப்பந்தத்தையும் பார்க்கிறது. இவளுடைய ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்பு தேறிவிட்டதால் முதல் வேலியில் அவள் இல்லை. கவுன்சில் எண் இல்லாததால் இரண்டாவது வேலியிலும் இல்லை. 2018 நவம்பரில், இ.சி.ஆர். முத்திரை இல்லாதவர்களும் தன் இமைக்ரேட் இணையதளத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் அந்த மாதமே அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அந்தக் கட்டாயம் வந்திருந்தால் நம் பெண்களுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. வரவில்லை. ஆகவே அவளுடைய ஒப்பந்தத்தை அவளும் அவள் வீட்டாரும்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டுப் பத்தாம் வகுப்பே வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். மலையில் பள்ளி தூரம், பஸ் கிடையாது, காப்பி பறிப்பு வந்தால் வீட்டில் கை வேண்டும் என்று ஒன்பதாவதில் நின்ற பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் தனித்தேர்வராகவாவது பத்தாவது எழுதித் தேறிவிட வேண்டும். அது இல்லாமல் 30 வயதுக்கு முன்னால் வளைகுடா போக நேர்வழி இல்லை என்பதால், குறுக்குவழிக்காரர்கள் முதலில் தேடி வருவது அவர்களைத்தான். சுற்றுலா விசாவில் ஏற்றி, வேறு நாடு வழியாகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அப்படி இறங்கியவளுக்குச் சம்பளம் தராவிட்டாலும், அடித்தாலும், அவள் அங்கே வேலைக்கு வந்திருக்கிறாள் என்பதற்கே ஆதாரம் இருக்காது.

கடனோடு கடல் தாண்டுவது நம் சேலம் மாவட்டத்துக்குப் புதிய கதையல்ல. கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் இந்தச் சேர்வராயன் மலையில் காப்பி வைத்தார் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே காலத்தில்தான் இலங்கையிலும் காப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. அந்தத் தோட்டங்களுக்குத் திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்து ஏழைகள் கங்காணி பின்னால் நடந்து போனார்கள். 1876 பஞ்சத்தில் இன்னும் கூட்டமாகப் போனார்கள். வழிச் செலவுக்குக் கங்காணி முன்பணம் கொடுத்தார். தோட்டத்தில் கால் வைக்கும்போதே அது கடனாக ஏறிவிடும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். இன்ன கடனைக் கட்டினால் இவர்களை அனுப்புகிறோம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் தீராது, கைதான் மாறும். அந்தத் துண்டை 1921-ல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

தொழிலாளியின் கடனும், போன நாட்டில் அவள் இருப்பதற்கான உரிமையும் ஒரே முதலாளி கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தோட்டங்கள் சாட்சி. இன்றைய விதிகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான். இந்த விசா என்னை ஒரே முதலாளியோடு கட்டிப்போடுகிறதா? அவரை விட்டு விலக வழி உண்டா? விலகினால் எத்தனை நாள் தருகிறார்கள்?

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். கொரோனாவுக்குப் பிறகு முதியோர் இல்லங்களில் ஆள் இல்லை. 2022 பிப்ரவரி 15 முதல் பராமரிப்புப் பணியாளர்களை ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்த்தார்கள். நர்சிங் பட்டம் கேட்கவில்லை. இங்கிலீஷ் தேர்வும், உரிமம் பெற்ற நிறுவனம் தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழும் இருந்தால் போதும். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் போனார்கள். அந்தச் சான்றிதழை விற்பது சட்டவிரோதம். ஆனாலும் லட்சக்கணக்கில் விலை வைத்து விற்றார்கள். 2024 மார்ச் 11 முதல் கணவனையும் பிள்ளைகளையும் அழைத்துப் போக முடியாது என்று விதி மாறியது. 2025 ஜூலை 22 அன்று, வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர்களைப் புதிதாக எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஏற்கனவே அங்கே இருப்பவர்கள் நீட்டித்துக்கொள்ளவும் நிறுவனம் மாறவும் 2028 ஜூலை வரை வாய்ப்பு வைத்திருக்கிறார்கள். ஆக, லண்டன் இன்னும் திறந்திருக்கிறதா என்று கேட்ட தம்பிக்குப் பதில் இதுதான்: பராமரிப்புப் பணியாளராக இங்கிருந்து புதிதாகப் போகும் வழி அடைத்தாயிற்று. இன்றைக்கு அந்த வேலைக்கு விசா வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவர் பொய் சொல்கிறார்.

கதவு திறந்ததிலிருந்து அடைத்தது வரை மூன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. 10 லட்சம் ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கிப் போயிருந்தால் மாதம் 20,000 வட்டி. மூன்றரை ஆண்டில் வட்டி மட்டும் 8 லட்சத்தைத் தாண்டும். அசல் அப்படியே இருக்கும். இடையில் நிறுவனத்தின் உரிமம் போனால் என்ன ஆகும்? 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை 470-க்கும் மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின் உரிமத்தை ரத்து செய்ததாகவும், அவற்றோடு தொடர்புடைய தொழிலாளர்கள் 39,000-க்கும் அதிகம் என்றும் அந்த நாட்டு அரசே சொன்னது. அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. வேறு நிறுவனம் தேடிக்கொள்ளப் பொதுவாகக் கொடுப்பது 60 நாள். கடன் இல்லாதவள் அந்த 60 நாளில் தைரியமாகத் தேடுவாள், கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்புவாள். கடன்காரி திரும்பவும் முடியாமல், கணக்கில் வராத வேலையில் பாதிக் கூலிக்கு மறைந்து வாழ்வாள். விதி இருவருக்கும் ஒன்றுதான்.

வளைகுடாவுக்கு வருகிறேன். இங்கே விசாவின் வகைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். குவைத்தில் தனியார் நிறுவன வேலைக்கு 18-ம் பிரிவு விசா, நம்மவர்கள் ஷூன் விசா என்பார்கள். வீட்டு வேலைக்கு 20-ம் பிரிவு, அதுதான் காதிம் விசா. மருத்துவமனை வேலை என்று சொல்லிவிட்டுக் காதிம் விசாவில் அனுப்பினால், நீங்கள் போய்ச் சேருவது ஒரு வீட்டுக்கு. படுக்கையில் இருக்கும் பாட்டியைப் பார்த்துக்கொண்டு சமையலும் செய்ய வேண்டி வரும். 20-லிருந்து 18-க்கு நினைத்தபோது மாற முடியாது. 2024-ல் இரண்டு மாதம் மட்டும் அதற்கு ஒரு வாய்ப்பு கொடுத்து மூடிவிட்டார்கள். அமீரகத்திலும் வீட்டில் வைத்துக்கொள்ளும் நர்ஸ் வீட்டுப் பணியாளர் சட்டத்தின் கீழ்தான் வருவார். வீட்டு வேலை கேவலமானது என்று நான் சொல்லவில்லை. எந்தச் சட்டம் என்னைக் காக்கிறது என்று தெரிந்து போகிறவள் வேறு, தெரியாமல் போகிறவள் வேறு.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு பெண் தன் வேலைக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பளபளப்பான தாள், மேலே தங்க நிறத்தில் முத்திரை. நான் அதை வரி வரியாகப் படித்துக் காட்டினேன், உங்களுக்கும் சொல்கிறேன். பதவி என்ற இடத்தில் "ஸ்டாஃப்" என்று மட்டும் போட்டிருந்தது. என்ன ஸ்டாஃப்? மருத்துவமனையின் பெயர் இல்லை, "முன்னணி மருத்துவமனை" என்று இருந்தது. சம்பளம் ஒரே தொகை. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சாப்பாட்டுக்கும் தங்கும் இடத்துக்கும் பிடிப்பது எவ்வளவு என்று பிரிக்கவில்லை. ஓய்வு நாள் பற்றி ஒரு வரி இல்லை. விசா என்ற இடத்தில் 60 நாள் விசிட் விசா. கடைசியில், இரண்டு ஆண்டுக்குள் திரும்பினால் 3 லட்சம் கட்ட வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. ஏஜென்டின் பதிவு எண் எங்கேயும் இல்லை. அவள் அப்பா நிலப் பத்திரத்தை அடகு வைக்கப் பேசி முடித்திருந்தார். அன்று மாலையே அவரைக் கூப்பிட்டுப் பத்திரத்தைத் திரும்ப வாங்கச் சொன்னோம்.

பதிவு எண் என்று சொன்னேனே, அது என்ன? வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஒவ்வொரு ஏஜென்டும் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இமைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டால், பதிவு நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று காட்டும். பதிவு பெற்றவரும் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ரசீது தர வேண்டும். பதிவு பெற்றவர் ஊர் ஊராகச் சப்-ஏஜென்ட் வைத்து ஆள் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஒண்டிக்கடை ஸ்டாப்பில் டீ வாங்கிக் கொடுத்து உங்கள் பாஸ்போர்ட்டைக் கேட்கிறவர் யார் என்று இதிலிருந்து நீங்களே தெரிந்துகொள்ளலாம். அந்த 1983 சட்டத்தில் இந்தக் குற்றத்துக்குச் சிறை இரண்டு ஆண்டு வரை, அபராதம் 2,000 ரூபாய் வரை. நாற்பது ஆண்டுக்கு முன்னால் வைத்த 2,000. ஒரு பெண்ணிடம் 8 லட்சம் வாங்குகிறவர் 2,000-க்குப் பயப்படுவாரா? இதை மாற்றச் சொல்லி நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியது நம் கடமை.

பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். அது இந்திய அரசின் சொத்து, உங்கள் பெயரில் உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். முதலாளி பூட்டி வைத்துக்கொள்ள உரிமை இல்லை.

பாஸ்போர்ட் எடுக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டு வாழ்கிறோம். பள்ளிச் சான்றிதழில் "கே. செல்வி", ஆதாரில் "செல்வி குப்புசாமி", சாதிச் சான்றிதழில் வெறும் "செல்வி" என்று இருக்கும். இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். வெளிநாட்டு அதிகாரிக்கு இது மூன்று பேர். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசிட் விசா இல்லை என்று அமீரகம் விதி கொண்டுவந்தது. நம் ஊர்க்காரர்கள் விமான நிலையத்தில் தவித்தார்கள். ஆகவே முதல் தடவை விண்ணப்பிக்கும்போதே அப்பா பெயரை முழுதாக விரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதுங்கள். எல்லாச் சான்றிதழிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். இதற்குச் செலவு அதிகமில்லை, அலைச்சல்தான். சேலம் தபால் நிலைய பாஸ்போர்ட் மையம் வரை போனால் போதும்.

சரி, கடன் இல்லாமல் போகிற வழி உண்டா? உண்டு. அதற்குப் பணத்துக்குப் பதிலாகக் காலம் கொடுக்க வேண்டும். மொழி படிக்க வேண்டும்.

ஜப்பான் 2019 ஏப்ரலில் குறிப்பிட்ட திறன் பணியாளர் என்ற விசாவைக் கொண்டுவந்தது. அதில் முதியோர் பராமரிப்பும் ஒரு துறை. 2021 ஜனவரியில் இந்தியாவோடு இதற்கு ஒப்பந்தம் ஆனது. வயது 18 ஆக வேண்டும். நர்சிங் பட்டம் கேட்பதில்லை. அன்றாட ஜப்பானிய மொழியில் ஒரு தேர்வு, என்4 நிலை தேறினால் போதும். பராமரிப்புத் திறனில் ஒரு தேர்வு. பராமரிப்புக்கான ஜப்பானிய மொழியில் ஒரு தேர்வு. இவற்றில் தேறினால் ஐந்து ஆண்டு வரை வேலை செய்யலாம். ஜப்பானியருக்குத் தரும் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்பது விதி. அதே துறையில் வேறு நிறுவனத்துக்கு மாறவும் வழி உண்டு. பாதியில் விட்டால் அபராதம் என்றோ, டெபாசிட் என்றோ ஒப்பந்தம் போடுவதை அந்த விதியே தடுக்கிறது. அந்தக் காலத்தில் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது, அது பெரிய வருத்தம்தான். மூன்று ஆண்டு அனுபவத்தோடு அங்கே உரிய பயிற்சியும் முடித்து, பராமரிப்பு வல்லுநர் தேசியத் தேர்வில் தேறினால் விசா வகை மாறும். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம், குடும்பமும் வரலாம். குறிஞ்சி நிலத்துப் பிள்ளைகளுக்குக் குளிர் புதிதில்லை. எழுத்துத்தான் புதிது. தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஓராண்டுக்குள் என்4 எட்டக்கூடியதுதான். சென்னையில் தேர்வு மையம் இருக்கிறது. தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும்.

ஜெர்மனியில் மூன்றாண்டு நர்சிங் தொழிற்கல்வி இருக்கிறது. படித்துக்கொண்டே சம்பளம் வாங்கலாம். பொதுத்துறை ஊதிய ஒப்பந்தப்படி முதலாண்டிலேயே மாதம் 1,300 யூரோவுக்கு மேல். பன்னிரண்டாம் வகுப்பும் பி1 நிலைக்குக் குறையாத ஜெர்மன் மொழியும் வேண்டும். பெரும்பாலான பள்ளிகள் பி2 கேட்கின்றன. ஓராண்டுச் சான்றிதழோடு நேராக அசிஸ்டன்ட் வேலைக்குப் போக 2024 மார்ச்சில் புது வழி திறந்தார்கள். ஆனால் நம் படிப்பை அவர்கள் தங்கள் அசிஸ்டன்ட் படிப்புக்குச் சமம் என்று ஏற்க வேண்டும், அதுதான் கடினம். அசிஸ்டன்ட் படிப்பே அங்கே மாநிலத்துக்கு ஒரு விதம். ஆகவே இளம் பிள்ளைகளுக்கு மூன்றாண்டு தொழிற்கல்வியே நல்லது என்பேன். முடித்தால் அசிஸ்டன்ட் இல்லை, முழு நர்ஸ். முழுத் தகுதி பெற்ற நர்சுகளுக்கு ஜெர்மன் அரசு நிறுவனங்கள் நடத்தும் டிரிபிள் வின் திட்டம் தனியாக உண்டு. 2021 டிசம்பரில் கேரளத்தோடு அதற்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதில் வேலைக்குப் போகிறவர் ஆள் எடுப்புக் கட்டணம் கட்டுவதே இல்லை. அக்கம்பக்கத்தில் நர்சிங் படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. வொர்க் பெர்மிட்டுக்கு முன்னால் வரும் ஒப்புதல் கடிதம் தொழிலாளியின் தாய்மொழியிலும் கிடைக்கும், நமக்குத் தமிழில். அதில் எழுதியிருக்கும் சம்பளத்தை உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் குறைக்க முடியாது. அந்தக் கடிதம் கைக்கு வராமல் விமானம் ஏற வேண்டாம்.

இஸ்ரேலைப் பற்றியும் ஒரு அக்கா கேட்டார். 2023-ல் இரு அரசுகளும் செய்த ஒப்பந்தத்தில் 34,000 கட்டிடத் தொழிலாளர், 8,000 பராமரிப்பாளர் என்று பேசினார்கள். சம்பளம் நல்ல சம்பளம்தான். ஆனால் 2021 மே மாதம் அஷ்கெலோன் நகரில் ராக்கெட் விழுந்தபோது இறந்துபோனவர்களில் ஒருவர் இடுக்கியிலிருந்து போன பராமரிப்பாளர். நம்மைப் போல மலைக்காரர், வீட்டில் சின்னப் பிள்ளை. குண்டு விழும்போது படுக்கையில் இருக்கும் முதியவரை விட்டுவிட்டு நம் பெண் ஓட மாட்டாள். எனக்கு அது தெரியும், அதனால்தான் பயமாக இருக்கிறது. என் மகளாக இருந்தால் இப்போது அனுப்ப மாட்டேன்.

போன இடத்தில் சிக்கல் வந்தால்? இந்தியத் தூதரகத்தின் எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள், போன் பறிபோனாலும் உதவும். மதத் என்ற தளத்தில் வீட்டாரே இங்கிருந்து புகார் பதியலாம். வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லாத உதவி எண் 1800 11 3090. ஒப்பந்தத்தின் நகல், விசாவின் நகல், ஏஜென்டுக்குப் பணம் போட்ட ரசீது, மூன்றையும் அம்மா கையில் ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்குச் சாட்சி கிடையாது. வங்கி வழியாகவே கொடுங்கள்.

கடைசியாக, திரும்பி வருகிறவர்கள் விட்டுவிட்டு வரும் பணத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அமீரகத்தில் தனியார் நிறுவனத்தில் ஓராண்டாவது வேலை பார்த்திருந்தால் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். அந்தப் பெண்ணின் வேலைக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளத்தைப் பிரிக்கவில்லை என்று நான் குறை சொன்னது இதற்காகத்தான். அதைக் குறைத்து எழுதினால் பணிக்கொடையும் குறையும். ஜப்பானில் மாதாமாதம் ஓய்வூதியத்துக்குப் பிடிப்பார்கள். நாட்டை விட்டு வந்த பிறகு அதில் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். வந்த இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், அங்கே இருந்த முகவரிப் பதிவை நீக்கிவிட்டு வந்திருக்க வேண்டும், நீல நிற ஓய்வூதியப் புத்தகமோ அந்த எண் எழுதிய தாளோ கையில் இருக்க வேண்டும். ஏற்கனவே போய்த் திரும்பியவர்கள் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால், இரண்டு ஆண்டு முடியவில்லை என்றால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். இன்றைக்கே உட்கார்ந்து எழுதிவிடலாம்.